இரும்புப் பெட்டிக்குள் வைஃபை

ஆறு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் லுகொண்டேயின் உயிரை விட்டுவிட்டுக் காதுகளை எடுத்துக்கொண்டு போயிற்று. அதன் பிறகு பள்ளிக்கூடத்தில் அவளைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார்கள். எதுவும் கேட்காத பிள்ளை எங்கே உட்கார்ந்தால் என்ன என்று டீச்சர் நினைத்துவிட்டார். மறுநாள் காலை லுகொண்டே முதல் பெஞ்சில், கரும்பலகைக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தாள். பின்னால் அனுப்பினார்கள். அடுத்த நாளும் முன்னால் வந்தாள். ஒரு பருவம் முழுக்க இதேதான். அம்மாவை எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டார்கள். கடைசியில் அலுத்துப்போனது டீச்சர்தான்.

பிறகு காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் சேர்ந்தாள். அங்கேதான் கைகளால் பேசக் கற்றுக்கொண்டாள். படித்து முடித்து அதையே பிறருக்குக் கற்றுக்கொடுக்கவும் தொடங்கினாள். இருபத்தெட்டு வயதில் ண்டோலா நகரத்தில் ஒரு லாரி டிரைவரோடு கல்யாணம் நடந்தது. நல்லவன்தான். ஆனால் அவனுடைய சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் அவள் கைகளை மேசைக்கடியில் அழுத்தி வைப்பான். நாலு வருஷம் பொறுத்தாள். ஒருநாள் ஒரு சூட்கேஸும் ஒரு லேப்டாப்புமாகப் பிறந்த ஊரான கிட்வேக்கு பஸ் ஏறிவிட்டாள்.

கிட்வேயில் ஊசகிலே குடியிருப்பில் அவளுடைய அப்பாவின் வீடு இருந்தது. சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய வீடு. கனத்த சுவர், தகரக்கூரை. அப்பா போன பிறகு அண்ணன் கசூபா அதில் இருந்தான். பின்கட்டு அறையை ஒழித்து லுகொண்டேக்குக் கொடுத்தான். ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டது அண்ணி புபேதான்.

"அவன் கெட்டவனா?" என்று தனக்குத் தெரிந்த அரைகுறைச் சைகையில் கேட்டாள்.

"இல்ல அண்ணி. வாயை மூடிக்கிட்டு இருன்னு அவன் என்னைச் சொல்ல முடியாது, அதனால கையைக் கட்டிக்கிட்டு இருன்னான்" என்றாள் லுகொண்டே. புபேக்கு அதில் பாதிதான் புரிந்தது. ஆனாலும் தலையில் அடித்துக்கொண்டு லாரி டிரைவரைத் திட்டினாள்.

கசூபாவுக்கு வெல்டிங் பட்டறை. ஊசகிலேயில் பாதி வீடுகளின் கேட்டும் ஜன்னல் கம்பியும் அவன் கையால் ஆனவை. லுகொண்டே வருவதற்கு ஒரு வருஷம் முன்பு அந்த வீட்டில் திருட்டு நடந்தது. முன்னறையில் இருந்த டிவியையும் வைஃபை ரௌட்டரையும் எவனோ எடுத்துப் போய்விட்டான். கேட் செய்கிறவன் வீட்டிலேயே திருட்டு என்று ஊரே சிரித்தது. புது ரௌட்டர் வந்தபோது கசூபா அதற்குத் தடித்த இரும்புத் தகட்டில் ஒரு பெட்டி செய்தான். பச்சை பெயின்ட், உள்பக்கக் கீல், கனமான பூட்டு, சூடு வெளியேறப் பக்கத்துக்கு இரண்டு துளை. அதைத் தன் படுக்கையறைச் சுவரில் நாலு போல்ட் போட்டு முறுக்கிவிட்டு, சாவியை இடுப்பு பெல்ட்டில் கோர்த்துக்கொண்டான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பெட்டியைத் தட்டிப் பார்த்து மெச்சினார்கள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நெட் மெதுவாகிவிட்டது. கசூபா நெட் கம்பெனியைத் திட்டினான். அதிக வேகம் வேண்டுமென்று பெரிய திட்டத்துக்கு மாறினான். அப்படியும் ஒன்றும் மாறவில்லை. அவனுக்கும் புபேக்கும் அது பெரிய குறையாகப் படவில்லை. அவர்கள் போனில் பேசினார்கள், குரல் வந்துகொண்டுதான் இருந்தது.

லுகொண்டேக்குக் குரல் எதற்கு? அவளுக்குப் படம் ஓட வேண்டும். தலைநகர் லுசாக்காவில் இருந்த ஒரு சிறிய அமைப்பு அவளுக்கு வேலை கொடுத்திருந்தது. வடக்கே தொலைதூர ஊர்களில் காது கேளாத பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஆறு பேருக்கு, தினமும் மாலை ஐந்து மணிக்கு, வீடியோவில் சைகை மொழி சொல்லிக்கொடுக்க வேண்டும். அவள் கை எழும். திரையில் பாதியில் நிற்கும். அடுத்த சொல்லுக்குப் போய்விடுவாள். முந்தின சொல்லின் நடுக்கண்டம் அப்போதுதான் அவர்களைப் போய்ச் சேரும். தலையுமில்லாமல் வாலுமில்லாமல் ஆறு பேரும் விழித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த ஆறு பேரில் லுவிங்குவைச் சேர்ந்த ஒரு விவசாயி இருந்தார். மும்பி என்ற ஏழு வயதுப் பெண்ணின் அப்பா. அந்த அர்த்தத்திலேயே எல்லாரும் அவரைப் பஷி மும்பி என்று கூப்பிட்டார்கள். ஒரு வகுப்பையும் தவறவிடாத மனிதர். அக்டோபர் தொடக்கத்தில் ஒருநாள் அவரிடமிருந்து எழுத்தில் ஒரு செய்தி வந்தது.

"டீச்சர், நல்ல பிள்ளைன்னு சொல்றதுக்கு நீங்க காட்டின சைகையை ரெண்டு வாரமா தினமும் காலையில அவளுக்குச் செஞ்சு காட்டுறேன். அவ அழுதுட்டு ஓடிப்போய் முகம் கழுவிட்டு வர்றா. மறுபடி செஞ்சா மறுபடி ஓடிப்போய்க் கழுவுறா. என்ன தப்பு பண்றேன்?"

செய்வதைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள் லுகொண்டே. வந்தது. விரல்களைத் தாடையருகே வைத்து முன்னால் நீட்டி இறக்க வேண்டிய கை, தாடைக்கடியிலேயே நின்று துடித்தது. திரையில் உறைந்து துடித்துக்கொண்டிருந்த அவளுடைய கையை அந்த மனிதர் அப்படியே அச்சு மாறாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்தக் குழந்தைக்குத் தெரிந்த சைகையில் அதற்கு 'அழுக்கு' என்று அர்த்தம். பதினான்கு நாளாக ஒரு அப்பா தன் மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே "நீ அழுக்கு, நீ அழுக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதை நிறுத்தச் சொல்லி, காரணத்தையும் அவருக்கு எழுதி அனுப்பிவிட்டு லுகொண்டே லேப்டாப்பை மூடினாள். பிறகு எழுந்தாள். அழவில்லை. கோபம்தான் வந்தது. தன்னைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பியபோது வந்த அதே கோபம்.

அன்று மாலை சாப்பாட்டில் சோளக்களியும் கபெண்டா கருவாட்டுக் குழம்பும். கசூபா இரண்டாவது கவளத்தை உருட்டும்போது அவள் போனில் எழுதி அவன் முன்னால் நீட்டினாள்: "ரௌட்டரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து நடையில வைக்கணும்."

கசூபா படித்தான். களியை மென்று விழுங்கினான். தங்கையிடம் பேசும்போது வாயை அகலமாகத் திறந்து மெதுவாகப் பேசுவான். அவளுக்கு அது பிடிக்காது. அப்படிப் பேசினால் உதடு படிப்பது இன்னும் கஷ்டம் என்று எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள்.

"பெட்டி... என்ன... பண்ணுச்சு?"

"அலையை அடைக்குது" என்று போனில் எழுதினாள்.

"ஓட்டை போட்டிருக்கேனே. நாலு ஓட்டை."

"அது காத்துக்கு."

"நெட்டும் காத்துலதானே வருது?" என்று கேட்டுவிட்டுப் புபேயைப் பார்த்துச் சிரித்தான். தங்கை பக்கம் திரும்பாமல் அவன் அடுத்துச் சொன்னதும் அவளுக்குத் தெரிந்தது. பக்கவாட்டில் இருந்தும் அவளால் உதடு படிக்க முடியும். "நாள் முழுக்க வீடியோ வீடியோன்னு நெட்டைத் தின்னுட்டு, குத்தம் என் பெட்டி மேல."

லுகொண்டே கவளத்தைத் தட்டில் போட்டாள். "நெட்டைத் தின்கிறது நானா?" என்று புபேயைப் பார்த்துக் கைகளை வீசினாள். "சொல்லு அண்ணி அவன்கிட்ட!"

புபே இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தாள். அவளுடைய சைகை ஊரறிந்த சிரிப்பு. ஒருமுறை 'சாப்பாடு ரெடி' என்று சொல்லப் போய் 'சாப்பாட்டுக்குக் கல்யாணம்' என்று சொன்னவள். இப்போது கணவனிடம் திரும்பி, "உன் தங்கச்சி உன்னைத் தின்னப்போறாளாம்" என்றாள். கசூபா சாப்பிடுவதை முடித்துக்கொண்டு எழுந்துபோனான்.

மறுநாள் அவன் பட்டறைக்குப் போனதும் லுகொண்டே வேலையைத் தொடங்கினாள். லேப்டாப்பைத் தட்டு ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். நாலடிக்கு ஒருமுறை நின்று வேகத்தை அளந்தாள். வந்த எண்ணை அந்த இடத்துச் சுவரிலேயே கரித்துண்டால் எழுதினாள். அவளுடைய அறையில் ஒரு எம்பிகூட இல்லை. சமையலறையில் ஒன்று. நடையில் ஒன்றரை. கம்பெனிக்காரன் தருவதாகச் சொன்னது நாற்பது. அண்ணன் மனைவியோடு படுக்கும் அறைக்குள் தங்கை கால் வைக்கக்கூடாது, அதனால் அந்தக் கதவு வரைக்கும் அளந்துவிட்டு வெளியே போனாள். வீட்டைச் சுற்றி வந்து வெளிச்சுவரிலும் எழுதினாள். கசூபாவின் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே நின்றபோது ஆறு வந்தது. வீட்டுக்குள் எங்கேயும் கிடைக்காத வேகம் வெளியே, புழுதியில், தண்ணீர் டிரம் பக்கத்தில் கிடைத்தது.

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துப் புபேயிடம், "உன் நாத்தனார் வீட்டை விக்கப்போறாளா? விலை எழுதுறாளே" என்றாள்.

லுகொண்டே அதோடு விடவில்லை. பலபேர் பயன்படுத்துவதால் மெதுவாகிறதா, பெட்டியால் மெதுவாகிறதா என்று பிரித்துப் பார்க்க நினைத்தாள். ரௌட்டர் வந்த அட்டைப்பெட்டியில் புபே வெங்காயம் போட்டு வைத்திருந்தாள். வெங்காயத்தைக் கொட்டிவிட்டு, பக்கவாட்டில் அச்சிட்டிருந்த கடவுச்சொல்லைப் படித்து, லேப்டாப்பிலிருந்தே ரௌட்டருக்குள் நுழைந்தாள். அந்த நேரத்தில் அந்த வீட்டு வைஃபையில் பத்தொன்பது போன்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. கசூபா சர்ச்சில் பாடகர் குழுவில் இருந்தான். குழு மொத்தத்துக்கும் பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கிறான்! அடுத்த சந்தில் இருக்கும் சர்ச் வரைக்கும் எட்டாவிட்டாலும், அந்த ஜன்னல் பக்கம் குடியிருந்தவர்களும் வேலி ஓரம் வந்து நின்றவர்களுமாகப் பாடகர்கள் எல்லாரும் இந்த வீட்டு நெட்டில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். லுகொண்டே பாஸ்வேர்டை மாற்றினாள். பக்கத்து வீடுகள் எல்லாம் ஒரே அலைவரிசையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்ததால், அதையும் காலியான ஒன்றுக்கு மாற்றினாள்.

மறுபடி அளந்தாள். அவளுடைய அறையில் இரண்டு எம்பி. கொஞ்சம் தேவலை, ஆனால் ஓடும் படத்துக்குப் போதாது. பாக்கி முழுக்க அந்தப் பச்சைப் பெட்டியின் வேலை. இப்போது அவளுக்குச் சந்தேகமில்லை.

சாயங்காலத்துக்குள் இரண்டு பாடகர்கள் கேட்டில் வந்து நின்றார்கள். நெட் வரவில்லை, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள். கசூபா வீடு திரும்பியபோது அவர்கள் நின்றிருந்தார்கள். அவனுடைய வீட்டுச் சுவரெல்லாம் எண்கள் நின்றிருந்தன. அவன் முகம் கறுத்தது.

"சுவரைக் கழுவு" என்றான், இந்த முறை வாயை அகலமாகத் திறக்காமல்.

"கழுவ மாட்டேன்" என்றாள். அந்தச் சைகை அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். சிறுவயதில் அவள் அடிக்கடி செய்தது அதுதான்.

லுசாக்காவிலிருந்து அந்த வாரம் ஒரு கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் படம் சரியாகாவிட்டால் வகுப்பை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று வருத்தத்தோடு எழுதியிருந்தார்கள். லுகொண்டே அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனாள்.

பட்டறையில் மூன்று ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு வாடிக்கையாளர்கள் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஒரு கடைக்காரருக்காகச் செய்த சின்ன இரும்புப் பெட்டி ஒன்று பெயின்ட் காய்ந்து மேசைமேல் இருந்தது. லுகொண்டே எல்லாருக்கும் முழங்கால் மடித்து வணக்கம் வைத்தாள். பிறகு மூத்த வேலைக்காரரான பா சிசங்காவிடம் அவருடைய போனைக் கேட்டு வாங்கினாள். அதிலிருந்து நெட்டைத் தன் போனுக்குப் பகிர்ந்தாள். தன் போனில் அன்று நடந்துகொண்டிருந்த கால்பந்து ஆட்டத்தை ஓடவிட்டு மேசையின் மறுமுனையில் சாய்த்து வைத்தாள். எல்லாரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வந்து கூடினார்கள். கசூபாவும் வெல்டிங் முகமூடியை மேலே தூக்கிவிட்டு வந்து பார்த்தான்.

ஆட்டம் சூடு பிடித்தது. ஒருவன் பெனால்டி அடிக்கப் பந்தைப் புள்ளியில் வைத்தான். லுகொண்டே பா சிசங்காவின் போனை அந்த இரும்புப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

பந்தடிக்க ஓடிவந்தவன் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டான். திரையில் வட்டம் சுற்றியது.

"ஐயோ, கதவைத் திற!" என்று எல்லா வாயும் ஒரே நேரத்தில் திறந்ததை அவள் பார்த்தாள். "பெனால்டி போகுது! திறம்மா, திற!"

திறந்தாள். சிறிது நேரத்தில் படம் பிழைத்துக்கொண்டது. அதற்குள் கோல் விழுந்து வீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறிக் கிடந்தார்கள். பா சிசங்கா தலையில் கைவைத்துக்கொண்டார். லுகொண்டே மறுபடி கதவைச் சாத்தினாள். படம் நின்றது. கசூபாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே திறந்தாள்.

இரும்பில் குறி போடும் சாக்கட்டி ஒன்று தரையில் கிடந்தது. அதை எடுத்து, அங்கே சாய்த்து வைத்திருந்த ஒரு முழுத் தகட்டில் பெரிதாக எழுதினாள்: "உன் ரூம் பெட்டியும் இதுவும் ஒண்ணுதான்."

வேலையாட்கள் அதை வாய்விட்டுப் படித்தார்கள். கசூபா அவள் கையிலிருந்து சாக்கட்டியைப் பிடுங்கி, அதற்குக் கீழே எழுதினான்: "திருடன் வந்தா யார் பதில் சொல்றது?"

அவள் இன்னொரு துண்டைத் தேடி எடுத்தாள். "பெட்டி அங்கேயே இருக்கட்டும். ரௌட்டர் மட்டும் வெளியே வரட்டும்."

"அது என் வீடு."

"அது நம்ம அப்பா வீடு."

படித்துக்கொண்டிருந்த ஆட்கள் அந்த வரியைப் படிக்காமல் வாயை மூடிக்கொண்டார்கள். கசூபா தகட்டை நெருங்கினான். "ஆட்களுக்கு முன்னால என்னை அவமானப்படுத்திட்ட. வீட்டுக்குப் போ" என்று எழுதிவிட்டு, சாக்கட்டியைத் தரையில் வீசி உடைத்தான்.

லுகொண்டே கடைசியாக ஒரு வரி எழுதினாள். "லுவிங்குவுல ஒரு குழந்தை ரெண்டு வாரமா முகம் கழுவிக்கிட்டே இருந்துச்சு. அதுக்கு என்ன சொல்ற?" அவனுக்கு அது புரியவில்லை. அவள் விளக்கவும் நிற்கவில்லை.

அன்று மாலை ஐந்து மணிக்கு லுகொண்டே வகுப்பைத் தன் அறையில் நடத்தவில்லை. வெளியே, அண்ணனின் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே, தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப்பை வைத்தாள். சுவரில் கரியால் எழுதிய 6 அவள் தலைக்குப் பக்கத்தில் இருந்தது. நின்றுகொண்டே ஆறு பேருக்கும் பாடம் நடத்தினாள். அங்கே படம் வெட்டி வெட்டி வந்தாலும் உறைந்து நிற்கவில்லை. தெரு மொத்தமும் அந்த இடத்தைப் பார்க்கும்படி இருந்தது. வேலையிலிருந்து திரும்பியவர்கள், தக்காளி விற்றுவிட்டு வீடு போகிற பெண்கள், பாடகர் குழுவில் மூன்று பேர், எல்லாரும் வேலி ஓரம் நின்றார்கள். காற்றில் கைகளை வீசி வீசி ஒரு பெண் யாருக்கோ பாடம் சொல்கிறாள்! லுகொண்டே அவர்களைத் துரத்தவில்லை. 'தண்ணி', 'பசி', 'வலிக்குது' என்று அன்றைய சொற்களை இன்னும் பெரிதாகச் செய்து காட்டினாள். வேலியில் நின்ற சிலர் தாங்களும் செய்து பார்த்தார்கள்.

இரண்டாம் நாள் கூட்டம் அதிகமாயிற்று. எதிர்வீட்டுக்காரி முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். "ஏன் கசூபா, தங்கச்சியை வீட்டுக்குள்ள விடமாட்டியா?" என்று அவன் திரும்பி வரும்போது கேட்டாள். அவன் உள்ளே போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினான். திரைக்கு வெளியே தங்கையின் கைகளின் நிழல் ஆடிக்கொண்டிருந்தது.

அன்று புபே லுகொண்டேயிடம் வந்து, "எத்தனை நாளைக்கு இப்படி?" என்று கேட்டாள்.

"அவன் திறக்கிற வரைக்கும்."

"திறக்கலன்னா?"

"மாசக் கடைசியில வேலை போயிடும். அது வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன். வேலை போனாலும் எல்லாரும் பார்க்கத்தான் போகணும்."

புபே பெருமூச்சு விட்டாள். "அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஒரே மண்டை. ஒரே அச்சுல வார்த்த இரும்பு" என்று வாயால் சொன்னாள். இரும்பு என்ற சொல்லை மட்டும் சைகையில் சரியாகச் செய்தாள்.

மூன்றாம் நாள் அந்த வருஷத்தின் முதல் மழை வந்தது. ஐந்தேகாலுக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்து, பெரிய பெரிய துளிகள் புழுதியில் விழுந்தன. வேலியில் நின்றவர்கள் ஓடினார்கள். லுகொண்டே ஓடவில்லை. அப்போது திரையில் பஷி மும்பி இருந்தார். 'நல்ல பிள்ளை' சைகையை அவர் மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொண்டிருந்தார். அவள் லேப்டாப்பின் மேல் குனிந்து அதைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் செய்து காட்ட முயன்றாள். முடியவில்லை. அதற்கு இரண்டு கை வேண்டும்.

வீட்டுக்குள்ளிருந்து புபே துணி துவைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டியோடு ஓடிவந்தாள். அதைத் தலைகீழாகத் திருப்பி லேப்டாப்புக்கும் நாத்தனாருக்கும் மேலே தூக்கிப் பிடித்தாள். அவள் இடுப்பில் சுற்றியிருந்த சித்தெங்கே துணி நொடியில் நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது. "செய், செய், சீக்கிரம் செய்!" என்று கத்தினாள். கேட்காது என்று தெரிந்தும் கத்தினாள். லுகொண்டே இரண்டு கைகளையும் விடுவித்துக்கொண்டாள். தாடையிலிருந்து விரல்களை எடுத்து, முன்னால் கொண்டுவந்து, மறு உள்ளங்கையில் மெதுவாக இறக்கினாள். பஷி மும்பி அதைச் செய்தார். சரியாகச் செய்தார்.

அப்போது கசூபா கேட்டைத் திறந்துகொண்டு மழையில் வந்தான். தன் மனைவி தொட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பதையும், அதனடியில் தங்கை கைகளை அசைத்துக்கொண்டிருப்பதையும் பார்த்தான். நின்றான். திரையில் யாரோ ஒரு முன்பின் தெரியாத மனிதர் அவர்களைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்.

"உள்ள வா" என்றான் புபேயிடம்.

"நீ சாவியை எடுத்துட்டு உள்ள போ" என்றாள் புபே. "அந்த ரூம்ல பாதி என்னோடது. பெட்டி இருக்கிறது என் தலைமாட்டுப் பக்கம். இன்னைக்கு அதைத் திறக்கலன்னா நான் உன் தங்கச்சி ரூம்லதான் படுப்பேன், அடுத்த மழைக்காலம் வரைக்கும்."

கசூபா உள்ளே போனான். சிறிது நேரம் கழித்து ஜன்னலுக்குள்ளிருந்து வெளிச்சம் விழுந்தது. லுகொண்டேயின் திரையில் பஷி மும்பியின் முகம் திடீரென்று துடைத்துவிட்டதுபோல் தெளிவாயிற்று. அவருடைய மேல்சட்டைப் பையில் குத்தியிருந்த பேனாகூடத் தெரிந்தது. பெட்டிக் கதவு திறந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து வந்ததும் கசூபா சட்டையை மாற்றிக்கொண்டு வேலையில் இறங்கினான். கம்பெனி வயர் வந்து சேரும் சின்னக் கருவியைப் பச்சைப் பெட்டிக்குள்ளேயே விட்டுப் பூட்டினான். அங்கிருந்து நடை வரைக்கும் சுவரில் துளை போட்டு ஒரு வயர் இழுத்தான். நடையின் நடுவில், தலைக்கு மேலே, மெல்லிய கம்பிகளால் ஆன ஒரு தாங்கியைப் பொருத்தினான். நாலு பக்கமும் திறந்த தாங்கி. ரௌட்டரின் அடியை மட்டும் ஒரு பட்டை கவ்விப் பூட்டியது. எங்கே வைப்பது என்று அவன் யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் ஏணியில் ஏறியதும் துளைக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நின்று, தங்கையைத் திரும்பிப் பார்த்தான். அவள் ஒரு முழம் இடதுபக்கம் என்று காட்டினாள். அவன் அங்கே துளை போட்டான்.

அவளுடைய அறையில் இருபத்தாறு எம்பி வந்தது. எண்ணைச் சுவரில் எழுதினாள்.

"பெட்டி அசையல, பார்த்தியா?" என்றான் கசூபா. "நான் சொன்னபடிதான் இருக்கு."

புபே நாத்தனாரைப் பார்த்துக் கண்ணடித்தாள். லுகொண்டே அண்ணனுக்கு நன்றி சொல்லவில்லை. சொல்வாள் என்று அவன் எதிர்பார்த்து நடையில் சிறிது நேரம் சும்மா நின்றான். பிறகு ஏணியை எடுத்துக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை வகுப்பில் பஷி மும்பி மகளையும் கூட உட்கார வைத்திருந்தார். லுகொண்டே அவரிடம், "முதல்ல அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க" என்றாள். அவர் கேட்டார். தப்பாகச் செய்ததையும் சரியானதையும் அடுத்தடுத்துச் செய்து காட்டினார். மும்பி இரண்டையும் கவனமாகப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. உடனே எழுந்து நின்று, அதுவரைக்கும் ஒற்றைச் சொல்லுக்கு மேல் பேசாத அந்தக் குழந்தை, அப்பாவை நேருக்கு நேர் பார்த்துக் கைகளை வீசித் திட்டத் தொடங்கியது. "நீதான் அழுக்கு. உன் கை அழுக்கு. நான் தினம் கழுவினேன். தண்ணி சில்லுனு இருந்துச்சு. நீதான் அழுக்கு!" ஒரு விரலசைவும் திரையில் நிற்கவில்லை, ஒன்றும் பாதியில் அறுந்துபோகவில்லை. மற்ற ஐந்து வீடுகளிலும் பெரியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். லுகொண்டே சிரிக்கவில்லை. குழந்தை சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, "இன்னும் ஏதாவது இருந்தா அதையும் சொல்லு" என்றாள்.

வகுப்பு அவளிடமே இருந்தது. ஜனவரியில் ஆறு குடும்பம் பதினொன்றாயிற்று. எதிர்வீட்டுக்காரி ஒருநாள் வந்து, தன் அக்கா பேரனுக்குக் காது கேட்காது என்று முதன்முறையாக வாயைத் திறந்து சொன்னாள். இத்தனை வருஷம் அந்தப் பையனை 'மந்தம்' என்றே எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறார்கள். அவனுடைய அம்மாவைப் பன்னிரண்டாவதாகச் சேர்த்துக்கொண்டாள் லுகொண்டே.

கசூபாவின் திறந்த தாங்கியைப் பார்த்த பாடகர் ஒருவர் தன் வீட்டுக்கும் ஒன்று கேட்டார். பிறகு இன்னொருவர். மழைக்காலம் முடிவதற்குள் ஊசகிலேயில் பல வீடுகளில் அது ஏறிவிட்டது. பட்டறை வாசலில் கசூபா ஒரு பலகை எழுதி மாட்டினான்: "வைஃபை தாங்கி. கசூபாவின் சொந்த டிசைன்."

ஒரு மத்தியானம் அந்தப் பக்கமாகப் போன லுகொண்டே பலகையைப் படித்தாள். உள்ளே போய் பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்து வந்து, அவன் பெயருக்கு முன்னால் தன் பெயரைப் பெரிதாக எழுதினாள். கசூபா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கொஞ்சம் சின்னதா எழுதக்கூடாதா?" என்று கேட்டான். கேட்டது வாயால் அல்ல. சுருக்கமான, கோணலான சைகையில், புபேயிடம் யாருக்கும் தெரியாமல் கற்றுக்கொண்ட சைகையில் கேட்டான். அதனால் அதில் பாதி தப்பு. 'சின்னது' என்பதற்குப் பதிலாக 'குழந்தை' என்று செய்தான்.

லுகொண்டே பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். அவன் கையைப் பிடித்து விரல்களைச் சரியான இடத்தில் வைத்துக் காட்டினாள். அவன் மறுபடி செய்தான். இந்த முறை சரியாக இருந்தது.

"முடியாது" என்றாள் அவள். அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். ஐந்து மணி வகுப்புக்கு இன்னும் நேரமிருந்தது.